கோட்டை இரண்டில் நான்கு ஆடுகள்

பிற்பகல் ஒன்று ஐம்பது. நான் முதலில் பார்த்தது ஒரு மஞ்சள் கறை.

விசைப்பலகையில் ‘ஹெச்’ என்ற ஆங்கில எழுத்தின் மேல் அது இருந்தது. மற்ற எழுத்துகள் விரல்பட்டுக் கறுத்திருந்தன. இது மட்டும் மஞ்சள். மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் சேர்ந்து ஊறிய, துணியால் துடைத்தால் போகாத நிறம். மூன்றாம் எண் மெஷினில் மட்டும்தான் அப்படி இருந்தது. மற்ற மூன்றிலும் இல்லை. அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் கறைக்குச் சொந்தக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். ஈரத் தலை, நாலு முழ வேட்டி, தோளில் துண்டு. வாசலில் கழற்றிவிட அவரிடம் செருப்பு இல்லை. மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்திருந்தார்.

“மூணு காலியாம்மா?” என்று கணினி மையத்தை நடத்தும் தனலட்சுமியிடம் கேட்டார்.

“உங்களுக்குத்தான் வெச்சிகினு இருக்கேன் சாமி. கை கழுவிட்டீங்களா?”

“ரெண்டு தரம்.”

“நேத்தும் ரெண்டு தரம்தான் சொன்னீங்க. போர்டுல சாம்பார் வாசன அடிக்குது.”

“சாம்பார் இல்லம்மா. புளியோதரை.”

உட்கார்ந்ததும் அவருடைய ஆள்காட்டி விரல் பார்க்காமலே அந்த மஞ்சள் எழுத்துக்குப் போனது.

நான் அங்கே போன காரணம்

திருத்தணியில் ஒரு நாளிதழின் நிருபராக நான் இருந்த வருடங்களைப் பற்றித்தான் சில வாரங்களாக எழுதி வருகிறேன். இது அந்த வருடங்களின் கடைசிப் பகுதி. இரண்டாயிரம் பிறந்து ஒன்றோ இரண்டோ வருடம் ஆகியிருக்கும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் தட்டச்சுப் பயிலகம் இருந்தது. தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிவிட்டு நான்கு கம்ப்யூட்டர்களை வைத்து, நான்கையும் ஒரு வயரால் இணைத்து, அதையே கணினி மையமாக மாற்றியிருந்தார் தனலட்சுமி. செய்தி அனுப்ப நான் தினமும் அங்கே போவேன். சாலை விபத்து, மாம்பழ விலை, கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்காதது பற்றிய புகார். பத்து நிமிட வேலை.

தனலட்சுமியின் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. வீட்டிலேயே விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவர் என்பதால், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் தெருவில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில்தான் பேசுவார். முப்பது வயது. மையத்துக்கு வரும் ஏறக்குறைய எல்லோரையும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் தோற்கடிப்பார்.

ஆட்டத்துக்குப் பெட்டியின் மேல் ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. திருத்தணியில் யாரும் அதைச் சொல்லவில்லை. கோட்டை என்றார்கள். ஊர் கட்டி, வயல் உழுது, படை திரட்டி, எதிராளியின் தலைநகரை வீழ்த்துகிற ஆட்டம். முதல் பாகம் கோட்டை ஒண்ணு. அதற்குப் பிறகு வந்தது கோட்டை ரெண்டு.

அந்த வாரம் சென்னை அலுவலகத்திலிருந்து எனக்கு வித்தியாசமான வேலை வந்தது. கம்ப்யூட்டருக்கென்று புதிதாக ஒரு இணைப்பிதழ் தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும். விளையாட்டின் பழைய பாகம் நல்லதா, புதிய பாகம் நல்லதா? ‘உங்க ஊர்ல யாராவது ஆடறாங்களா, கேட்டு எழுதுங்க’ என்றார் துணை ஆசிரியர்.

நான் அதுவரை சீட்டுக்கட்டு கூட ஆடியதில்லை.

படியும் பாதையும்

இரண்டு பொருளை ஒப்பிடுவது பற்றி என் முதல் தலைமை நிருபர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஒப்பிட்டு எழுதும்போது யாரிடம் கேட்கிறாய் என்பதை முதலில் எழுதிக்கொள். அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன் என்று தெரியாமல் அவன் பதிலுக்கு மதிப்பில்லை.

இதைத் திருத்தணியில் புரிந்துகொள்வது எளிது. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. பக்கத்திலேயே வண்டிப் பாதை. எது நல்லது என்று கேட்டால், படியேறியவர் படி என்பார். ஆட்டோவில் போனவர், ‘சாமி ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்க்கறார்’ என்பார். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு பூக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். “ஏறச்சொல்ல பாதை, எறங்கச்சொல்ல படி” என்றார். மூன்று பேரும் உண்மைதான் சொன்னார்கள்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்தேன்.

தனலட்சுமி புதிய பாகத்தின் பக்கம். “பழசுல மதில் கட்னா கதவு வெக்க முடியாது சார். ஆளு போக ஓட்ட வுடணும், இல்லனா நம்ம மதில நாமளே இடிக்கணும். புதுசுல கதவு கீது. நம்ம ஆளு வந்தா தொறக்குது, எதிராளி வந்தா மூடிக்குது.”

அவருடைய அக்காவின் கணவர் முனிரத்தினம், மையத்தின் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர். சென்னையிலிருந்து சிடிகளைக் கொண்டு வருபவரும் அவர்தான். தனலட்சுமி அவரைப் பாவா என்று கூப்பிடுவார். அவருக்குப் பிடித்தது வேறு. “பழசுல எவன் சும்மா நிக்கறான்னு நாமதான் தேடணும். புதுசுல ஒரு பட்டன் கீது சார். அமுக்கினா வேல செய்யாதவன கொண்டாந்து காட்டுது. இத மொதல்ல தாலுகா ஆபீஸ்ல வெக்கணும்.”

“மொதல்ல உங்களத்தான் காட்டும் பாவா” என்றார் தனலட்சுமி.

இன்னும் எழுதிக்கொண்டேன். பழைய பாகத்தில் சிப்பாய்கள் எறும்பு போல ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒரு மரத்தடியில் சிக்கிக்கொள்வார்கள். புதியதில் வரிசையாக நிற்பார்கள். பழையதில் வயல் கொஞ்ச காலத்தில் வறண்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்து மறுபடி உழச் சொல்ல வேண்டும். புதியதில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம்.

பழைய பாகத்தின் பக்கத்தில் எழுத ஒரே ஒருவர்தான் இருந்தார். மஞ்சள் விரல்காரர்.

சுந்தரேசனின் உக்கிராணம்

அவர் பெயர் சுந்தரேசன். மலைக்கோயில் மடைப்பள்ளியில் மூன்று தலைமுறையாகச் சமைக்கும் குடும்பம். மதிய நைவேத்தியம் முடிந்து மாலை வேலை தொடங்கும்வரை இரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு. மற்றவர்கள் படுத்துக்கொள்வார்கள். இவர் இறங்கி வந்து கோட்டை ஒண்ணு ஆடுவார்.

அதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. தனலட்சுமி உட்பட. பத்து வயல் இருந்தால், எந்த வயல் எப்போது வறளும் என்பது அவருக்குத் தெரியும். திரையில் வேறெங்கோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று விரல் மஞ்சள் எழுத்தைத் தொடும், தலைநகருக்கு வருவார், சரியாக அந்த நேரத்தில் ஒரு வயல் வறண்டுபோகும். அவரிடம் எப்படி என்று கேட்டேன்.

“மூணு அடுப்புல மூணு பாத்திரம் இருந்தா, எது எப்போ இறங்கணும்னு நின்னு பாத்துண்டா இருப்பா? அது மாதிரிதான்.”

“புதிய பாகம் ஏன் பிடிக்கவில்லை?”

“அதுல எடுத்த எடுப்புல ஆட்டை வெட்டச் சொல்றது.”

உண்மைதான். பழைய பாகத்தில் மான்கள் தொலைவில் காட்டில் இருக்கும். வேண்டுமானால் வேட்டைக்குப் போகலாம். சுந்தரேசன் போனதில்லை. பழச்செடியிலும் வயலிலுமே ராஜ்யத்தை நடத்திவிடுவார். புதிய பாகத்தில் ஆட்டம் தொடங்கும்போதே தலைநகரின் வாசலில் நான்கு ஆடுகள் நிற்கும். முதல் ஐந்து நிமிடத்தின் சாப்பாடு அவைதான். எல்லோரும் அவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

நிருபர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். “சிப்பாய்களைக் கொல்கிறீர்கள். ஊரைக் கொளுத்துகிறீர்கள். ஆடு மட்டும் ஏன்?”

“சிப்பாய் கையில கத்தி இருக்கு சார். ஆடு சும்மா நிக்கறது.” பிறகு திரையின் மேல் மூலையைக் காட்டினார். அங்கே சாப்பாட்டுக் கையிருப்பு மொத்தமும் ஒரே ஒரு எண்ணாக இருந்தது. “அது கூடப் பரவாயில்லை. இதைப் பாருங்கோ. பழமும் நெல்லும் எதுல சேர்றதோ, வெட்டினதும் அதே எண்ணுல போய்ச் சேர்றது. ஒரு தரம் சேர்ந்துடுத்துன்னா அப்புறம் பிரிக்க முடியாது. உக்கிராணம் மொத்தமும் போச்சு.”

உக்கிராணம் என்பது மடைப்பள்ளியின் சாமான் அறை. அவர் திரையில் பார்த்தது அதைத்தான்.

வியாழக்கிழமைப் பந்தயம்

அந்த வாரம் ஒரு சிக்கல் வந்தது. புதிய பாகம் பெரியது. இரண்டையும் வைத்திருந்தால் மெஷின்களில் வேறெதற்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கிலும் பழையதை எடுத்துவிடுவதாக முனிரத்தினம் சொல்லிவிட்டார்.

“மூணுல மட்டும் விட்டு வையேம்மா” என்றார் சுந்தரேசன்.

“நாலு பேரு சேந்து ஆடணும்னா நாலுலயும் ஒண்ணே இருக்கணும் சாமி. நீங்க வராத நேரத்துல மூணு சும்மா கெடக்கும்.”

“எடுத்துட்டா நான் வந்து என்ன பண்றது?”

தனலட்சுமி மூன்றாம் எண் மெஷினைப் பார்த்தார். பிறகு சொன்னார். “புதுசுல எங்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. ஆட்ட தொடவே வேணாம். அரமணி நேரம் உங்க தலைநகரு வுழாம நின்னா, பழசு மூணுல இருக்கட்டும். வுழுந்தா எடுத்துடுவேன். சார் வாட்ச் பாக்கட்டும்.”

சுந்தரேசன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆகட்டும்” என்றார்.

எனக்கு இது வசதி. கட்டுரைக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆட்டைச் சாப்பிடாமல் புதிய பாகத்தில் பிழைக்க முடியுமா? யாருக்கும் விடை தெரியாத கேள்வி.

வியாழக்கிழமை இரண்டு ஐந்துக்குத் தொடங்கியது. தனலட்சுமி ஒன்றாம் எண்ணில். சிவப்புக் கொடி. சுந்தரேசன் மூன்றில். நீலம். இரண்டு திரையும் தெரியும்படி நான் நடுவில், அவர்களுக்குப் பின்னால் நின்றேன். முனிரத்தினம் என் பக்கத்தில் தேநீர் டம்ளரோடு நின்றார்.

இரண்டாவது நிமிடத்தில் சுந்தரேசனின் ஆட்கள் எல்லோரும் பழச்செடிகளில் இருந்தார்கள். நான்கு ஆடுகளும் வாசலில் நின்றன. ஒன்று கத்தியது.

“சாமி, ஆடு கூப்புடுது” என்றார் முனிரத்தினம்.

“அதுக்கும் பசிக்கும்” என்றார் சுந்தரேசன், திரும்பாமல்.

எட்டாவது நிமிடத்தில் சிவப்பு ராஜ்யத்தில் பதினான்கு பேர். நீலத்தில் ஒன்பது. பழம் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் வயல் அப்போதுதான் போட்டார். புதிய பாகத்தின் ஆடுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. எதிராளி கிட்டே வந்தால், பக்கத்தில் நம் ஆள் இல்லையென்றால், அவை எதிராளியுடையதாக நிறம் மாறிவிடும். தனலட்சுமியின் குதிரைக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் வந்ததும் சுந்தரேசன் ஆடுகளை வீட்டின் பின்புறத்துக்கு ஓட்டினார்.

“கோட்ட கட்டச் சொன்னா சாமி ஆடு மேய்க்கறாரு” என்றார் முனிரத்தினம். தனலட்சுமி சிரித்தார். சுந்தரேசனும் சிரித்தார் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து தோள் மட்டும்தான் தெரிந்தது.

ஆடு பார்க்கிறது

பதினோராவது நிமிடத்தில் அது நடந்தது.

ஓட்டும்போது ஒரு ஆடு கொஞ்சம் தூரம் கூடுதலாகப் போய்விட்டது. இந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் போகாத இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். ஆடு போன இடத்தில் கறுப்பு விலகியது. ஒரு குன்று தெரிந்தது. அதன் அடியில் இன்னும் இரண்டு பழச்செடி.

சுந்தரேசனின் கை நின்றது. “இது பாக்கறதே” என்றார், தனக்குத்தானே.

பிறகு வேகமாக வேலை நடந்தது. ஒரு ஆட்டை ஆற்றுத் துறைக்கு அனுப்பினார். ஒன்றை வடக்கே. மற்ற இரண்டைக் கிழக்கும் மேற்கும். நான்கு மூலையிலும் நான்கு வெளிச்ச வட்டம். அவருக்கு இப்போது சாப்பாடு குறைவு, ஆள் குறைவு, ஆனால் வரைபடத்தில் அவருக்குத் தெரிந்த அளவு தனலட்சுமிக்குத் தெரியாது. முனிரத்தினம் தேநீரைக் குடிக்க மறந்துவிட்டார். நான் நோட்டில் ‘ஆடு ஒற்றன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பதினேழாவது நிமிடத்தில் ஆறு சிவப்புக் குதிரைகள் துறையைக் கடந்தன. ஆடு பார்த்தது. சுந்தரேசன் வயலில் இருந்தவர்களை உள்ளே அழைத்துக் கதவை மூடினார். அவர் வேண்டாம் என்ற பாகத்தில் அவருக்குப் பயன்பட்ட முதல் பொருள் அந்தக் கதவு. குதிரைகள் அந்தப் பக்கத்து மதிலில் முட்டிவிட்டுத் திரும்பின.

“எப்பிடி தெரிஞ்சிது உங்களுக்கு?” என்றார் தனலட்சுமி.

சுந்தரேசன் ஆட்களை மறுபடி வயலுக்கு அனுப்பினார். ஆனால் திரும்பிப் போன குதிரைகள் துறையில் நின்ற ஆட்டின் பக்கமாகப் போயின. ஆடு நீலத்திலிருந்து சிவப்பானது.

“அட, சாமியோட ஆடு நம்மகிட்ட வந்துட்ச்சி” என்றார் தனலட்சுமி. எந்த யோசனையும் இல்லாமல், இந்த ஆட்டத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார். ஒரு ஆளை அனுப்பினார். ஆடு விழுந்தது. அவருடைய திரையின் மேல் மூலையில் எண் ஏறியது.

சுந்தரேசன் எட்டி அந்தத் திரையைப் பார்த்தார்.

“வெட்டிட்டியா?”

“ஆங். சும்மா நின்னுகினு இருந்துது.”

அவர் தன் திரைக்குத் திரும்பினார். விரல் மஞ்சள் எழுத்தைத் தொட்டது. பிறகு வடக்கே இருந்த ஆட்டைக் கூப்பிட்டார். கிழக்கே இருந்ததை. மேற்கே இருந்ததை. மூன்றும் மெதுவாக நடந்து வந்தன. வரும் வழியெல்லாம் பின்னால் வெளிச்சம் மங்கியது.

“சாமி, ஆட்ட உள்ள இட்டா உங்களுக்குக் கண்ணு போச்சி” என்றார் முனிரத்தினம். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “இன்னும் பத்து நிமிசந்தான். அங்கியே வுடுங்க.”

“நான் அனுப்பிச்சுதானே அது அங்க போச்சு” என்றார் சுந்தரேசன்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரம் பார்ப்பவன் பேசக் கூடாது.

மூன்றும் உள்ளே வந்தன. கதவு மூடியது. இருபத்து நான்காவது நிமிடத்தில் சிவப்புப் படை வடக்கிலிருந்து வந்தது. அங்கே மதில் இன்னும் முடியவில்லை. அந்த வழியில் ஒரு ஆடு நின்றிருந்தால் இரண்டு நிமிடம் முன்பே தெரிந்திருக்கும். சுந்தரேசன் நன்றாகவே சண்டை போட்டார். தலைநகர் விழுந்தது.

தனலட்சுமி நாற்காலியைத் திருப்பினார். “எவ்ளோ சார்?”

“இருபத்தாறு நிமிடம் நாற்பது வினாடி.”

கீழே திருப்பதி பஸ்ஸின் நடத்துனர் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“வாட்ச் கொஞ்சம் ஸ்லோவா ஓடுதா சார்?” என்று முனிரத்தினம் கேட்டார். பழைய பாகத்தை எடுக்கப் போகிறவர் அவர்தான். தனலட்சுமியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இல்லை. காலையில்தான் ரேடியோ மணியோடு சரிபார்த்தேன்” என்றேன்.

“சார் சரியாத்தான் சொல்றார்” என்று சொல்லிவிட்டு சுந்தரேசன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அச்சில் வந்தது

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் நான்கு மெஷினிலும் பழைய பாகத்தை எடுத்தார். முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றார்.

என் கட்டுரை அடுத்த மாதம் வந்தது. கதவு இருந்தது. சும்மா நிற்பவனைக் காட்டும் பட்டன் இருந்தது. வயல், சிப்பாய் வரிசை எல்லாம் இருந்தன. புதிய பாகமே சிறந்தது என்று தலைப்பு வைத்திருந்தார்கள். ஆடுகள் பற்றிய பகுதி இடம் போதாமல் போய்விட்டதாகத் துணை ஆசிரியர் போனில் சொன்னார். நான் வாதாடவில்லை. எதை வைத்து வாதாடுவது என்றும் தெரியவில்லை. புதிய பாகத்தில் ஒருவர் கண்டுபிடித்ததையும், கண்டுபிடித்த உடனேயே வேண்டாம் என்று விட்டதையும், நோட்டில் நான் பிரித்த இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கம் எழுதுவது?

அதற்குள் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி அந்த மாடிக்குப் போனது சில மாதங்கள் கழித்து, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றி எழுத வந்தபோது. செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

நேரம் இரண்டு மணி. நான்கு மெஷினிலும் ஆள் இருந்தார்கள். ஒன்றாம் எண்ணில் தனலட்சுமி. இரண்டிலும் நான்கிலும் எனக்குத் தெரியாத இருவர். மூன்றில் ஈரத் தலையோடு சுந்தரேசன்.

“கிருத்திகைக்கு நடுவில் எப்படி வந்தீர்கள்?” என்றேன்.

“அரைமணிதான் சார். அடுப்புல ஏத்தி வெச்சுட்டு வந்திருக்கேன்.” விரல் மஞ்சள் எழுத்தின் மேல் இருந்தது.

தனலட்சுமி கையை எடுக்காமல் என்னிடம் சத்தமாகச் சொன்னார். “தெனம் தோக்கறாரு சார். தெனம் வராரு.”

நான் ஒவ்வொரு திரையாகப் பார்த்தேன். ஒன்றில், இரண்டில், நான்கில், மூன்று பேருமே ஆடுகளை வெட்டவில்லை. வரைபடத்தின் மூலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் ஒரு வெளிச்ச வட்டம். இப்போது எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள், சாமி கண்டுபிடித்த வழி என்றார் தனலட்சுமி.

மூன்றாம் எண் திரையில் மூலைகள் கறுப்பாக இருந்தன. தலைநகருக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு மதில். அதற்குள் நான்கு ஆடுகள். மதிலில் கதவு இல்லை.